வைக்கோல் பிரியில் ஒரு ராட்வீலர்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் பின்புறம் ஒரு ஆணி இருக்கிறது. அதில் நாலு முழ நீளத்தில் ஒரு வைக்கோல் பிரி தொங்குகிறது. அறுத்துப் போட்ட கதிரைக் கட்டாகக் கட்டுவதற்கு வைக்கோலையே முறுக்கித் திரிப்பார்களே, அந்தக் கயிறுதான். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, மாடு இல்லாத வீட்டில் இது எதற்கு என்று கேட்பார்கள். நாயைப் பிடித்துப் போக என்று சொல்வேன். கொல்லையில் படுத்திருக்கும் ஐம்பது கிலோ ராட்வீலரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் அதற்கு மேல் விளக்குவதில்லை. வேலையிலிருந்து வந்து யூனிஃபார்மை மாற்றுவதற்குள் கண் சொருகிவிடுகிற எனக்கு, விளக்குவது என்பது இன்னொரு வேலை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, போன் வருவதற்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பாபநாசத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக ஊசி போடுகிறேன். அதில் பாதி நாய்க்கடி ஊசி என்று சொன்னால் மிகையாகத் தெரியும். திங்கட்கிழமை காலையில் வந்து வரிசையைப் பார்த்தால் அப்படித் தெரியாது. கெண்டைக்காலைக் காட்டிக்கொண்டு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் ஊற்றப் போய்க் கடி வாங்கியவர்கள், தன் வீட்டு நாயிடமே கடி வாங்கிவிட்டு 'விளையாட்டுக்குத்தான் கடிச்சுது' என்று அதற்கு வக்காலத்து வாங்குபவர்கள். அதனால் நாய் என்றால் எனக்குப் பாசமும் கிடையாது, பயமும் கிடையாது. அலுப்பு மட்டும்தான். வீட்டிலும் அதே அலுப்புதான். அம்மா போன மறு வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போயிற்று. காலையில் அவரைக் குளிப்பாட்டி, இட்லியைப் பிசைந்து ஊட்டி, பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுவேன். சாயங்காலம் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதையே பதிலாகச் சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் கேட்பதில்லை.

மஸ்கட்டில் இருக்கும் என் தம்பிக்கு எங்களைப் பற்றி நிஜமாகவே கவலை உண்டு. கவலை வந்தால் அவன் எதையாவது அனுப்புவான். சக்கர நாற்காலி அனுப்பினான். வாசலுக்குக் கேமரா அனுப்பினான். இருபது வருஷமாக ஊருக்கே ரத்த அழுத்தம் பார்க்கிற எனக்கு, ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றையும் அனுப்பினான். கடைசியில் ஒரு நாள் திருச்சியிலிருந்து வந்த காரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே ஐம்பது நாள் குட்டி, கன்னங்கரேல் என்று, புருவத்தில் மட்டும் இரண்டு பழுப்புப் பொட்டு, வால் ஒட்ட நறுக்கியது.

"அப்பா முடியாதவங்க, நீ ஒண்டியா இருக்க. இது வளர்ந்து நின்னா எவனும் வாசப்படி மிதிக்க மாட்டான் அக்கா" என்றான் போனில். இதற்குச் சோறு போடுவது யார், பீ அள்ளுவது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் குட்டி தள்ளாடிக்கொண்டே நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போய், கீழே தொங்கிக்கொண்டிருந்த அந்த உயிரற்ற கையை நக்கியது.

"டேய்" என்றார் அப்பா.

ஒன்றே கால் வருஷமாக ஊ, ஆ என்பதைத் தவிர எதுவும் வராத வாய். நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். தம்பி அந்தக் குட்டிக்கு சீசர் என்று பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதே இல்லை. டேய் என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. தெருவில் எந்தப் பையன் எந்தப் பையனை டேய் என்று கூப்பிட்டாலும் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு தலை நிமிரும். அடுத்த இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு 'வா' வந்தது, 'சோறு' வந்தது. ஒரு சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கட்டிலிலிருந்து "சாப்டியா?" என்று கேட்டார். என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை. அன்றைக்கு நினைத்தேன், இந்த நாய் என்ன பாடு படுத்தினாலும் சரி, இது இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது.

ஆனால் வளர்க்கத் தெரிந்தால்தானே. எங்கள் பக்கத்தில் உசத்தி நாய் வாங்குகிறவர்களுக்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. குட்டியை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது, கண் பட்டுவிடும். வெளியாள் கையில் தின்னக் கூடாது. முக்கியமாக, தெரு நாயோடு மூக்கு உரசக் கூடாது, உரசினால் ரோஷம் போய்விடும். "நாட்டு நாயோடல்லாம் சேர விடாத அக்கா, கெட்டுப்போயிடும்" என்று தம்பி வாராவாரம் சொன்னான். அப்பாவும் இடது கையை ஆட்டி அதையேதான் சொன்னார். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினோம். வாசற்படியில் ஏறத் தெரியாமல் அது கீழே நின்று சிணுங்கிய நாளிலேயே, மேலே 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டிவிட்டோம். தெரு நாய் கேட்டருகே வந்தால் குட்டியை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன். தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "ஊசி எல்லாம் முடிஞ்சதும் நாலு நல்ல நாயோட பழக விடுங்க, இது பலமான சாதி, இப்ப விட்டா பின்னாடி கஷ்டம்" என்றார். சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் நோயாளிகள் என்னிடம் தலையாட்டுவதும் அப்படித்தான்.

நாலரை மாதத்தில் வினை வந்தது. சங்கிலி நழுவிய ஒரு காலை, அத்தை வழக்கம்போல் தன் நாய் மணி பின்னால் வர உள்ளே நுழைந்தார். டேய் பாய்ந்து மணியின் காதைக் கவ்வி உதறியது. பிரிப்பதற்குள் காது பாதி கிழிந்துவிட்டது. அதற்கு ரோஷமா பயமா என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அத்தை மணியைத் தூக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "இன்னைக்கு நாயி, நாளைக்கு என் பேத்தி. ஆடி முடியறதுக்குள்ள இத எங்கயாவது அனுப்பிடும்மா. இல்லாட்டி அப்பாவப் பாத்துக்க வேற ஆளப் பாத்துக்க." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அத்தை இல்லாமல் நான் வேலைக்குப் போக முடியாது. டேய் இல்லாமல் அப்பாவுக்குப் பேச்சு இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கேட்டிருப்பதாகவும், பகலெல்லாம் கட்டிப்போட்டு வைத்துக்கொள்வார்கள் என்றும் தம்பி சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அன்றைக்கு அப்பா எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

இதையெல்லாம் நான் டிரைவர் அண்ணனிடம் சொல்லவில்லை. ஊசி அறையில் ஆயாவிடம் புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் எங்கள் சுகாதார நிலையத்து ஜீப் டிரைவர். ஜீப்பை ஓடத் தகுதியில்லை என்று கண்டம் செய்து வருஷம் மூன்றாகியிருந்தது. வேறு வண்டி வரவில்லை. ஓட்ட வண்டியில்லாத டிரைவராக அவர் தினமும் வந்து கையெழுத்துப் போடுவார். வேப்பமரத்தடியில் நாலு டயரும் மண்ணில் பதிந்து நின்ற அந்த ஜீப்பின் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு யார் என்ன வேலை சொன்னாலும் செய்வார். ஜீப்புக்கு அடியில் மூன்று நாய்கள் குடியிருந்தன. இரண்டு கடுவன், ஒரு கிழட்டுப் பொட்டை. பொட்டைக்குப் பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். கிழவி என்று கூப்பிடுவார். வருஷம் தவறாமல் மூன்றுக்கும் அவரே கொண்டுபோய் ஊசி போட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதரைப் பற்றி என்ன தெரியும்?

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அதக் கூட்டிக்கிட்டு வாய்க்கால் கரைக்கு வாங்க சிஸ்டர். சங்கிலி வேணாம்" என்றார். அன்றைய பத்து வார்த்தையும் அதிலேயே முடிந்துவிட்டது.

அப்பா எழுந்திருக்க ஏழாகும் என்பதால் போனேன். எதிர்க் களத்து வைக்கோல் போரிலிருந்து உருவி, அவர் நின்றுகொண்டே பிரி திரித்தார். மெஷின் அறுத்த வைக்கோல், குட்டை குட்டையாக நைந்து கிடக்கும். அதில் திரித்தால் பிரி நிற்காது என்று எனக்கே தெரியும். வேண்டாம் என்றும் நான் மாட்டி வந்திருந்த சங்கிலியைக் கழற்றிவிட்டு, பிரியைக் கழுத்துப் பட்டையில் கட்டி என் கையில் கொடுத்தார். பதினெட்டுக் கிலோ குட்டி, கையில் வைக்கோல். மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தேன். "நிக்காது அண்ணே, அறுந்துடும்" என்றேன். "இழுத்தா அறும். இழுக்காதீங்க" என்றார்.

பிறகு அவர் மதகைத் தாண்டி அக்கரைக்குப் போய் விசிலடித்தார். கிழவி மட்டும் வந்தது. அக்கரையில் அவரும் கிழவியும், இக்கரையில் நானும் டேயும், நடுவில் மேட்டூர்த் தண்ணீர் நுரையோடு போய்க்கொண்டிருந்தது. ஒரே திசையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். கிழவியைப் பார்த்ததும் டேயின் முதுகு மயிர் நிமிர்ந்தது. என் கை தானாக இறுகி இழுத்தது. பிரி பட்டென்று அறுந்தது. அது குரைத்துக்கொண்டே வாய்க்காலில் விழுந்து, தண்ணீரைக் குடித்து, தட்டுத்தடுமாறி என் பக்கமே ஏறி வந்து என் சேலை முழுக்கச் சேறாக்கியது. கிழவி திரும்பிக்கூடப் பார்க்காமல் நாயுருவிச் செடியை மோந்துகொண்டிருந்தது. அண்ணன் மதகைத் தாண்டி வந்து இன்னொரு பிரி திரித்தார். முதல் நாள் நாலு பிரி. இரண்டாம் நாள் ஐந்து. ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து திரித்துக் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து சேற்றில் நிற்பதற்கு, பட்டுக்கோட்டைக்கே அனுப்பிவிட்டுப் படுத்துத் தூங்கலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார். "நாய் இழுக்கல சிஸ்டர். எதுத்தாப்புல நாயப் பாத்த உடனே நீங்கதான் இழுக்குறீங்க. நீங்க இழுக்குறதப் பாத்துட்டு, ஏதோ ஆபத்துன்னு அது பாயுது. ஊசி போடறப்ப புள்ளைங்க கையப் புடிப்பீங்களே, அதே புடி." அந்தப் பிடி எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துப் பிடி. அப்பாவைக் குளிப்பாட்டும்போதும் அதே பிடிதான் பிடிக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கேட் ஓரம் நாய் வந்தபோதெல்லாம் குட்டியை வாரிக்கொண்டு ஓடினேனே, அதுவும் அதேதான். குட்டிக்குப் பயத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்.

அதன் பிறகு கையைத் தொங்கப் போட்டு நடந்தேன். அது எளிதில்லை. டேய் அக்கரையைப் பார்த்து விறைத்தால் நானும் நின்றுவிடுவேன். அது பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்ததும் இடுப்பில் முடிந்திருந்த அவித்த முட்டைத் துண்டைக் கொடுப்பேன். ஒரு வாரத்தில் பிரி அறுவது நின்றது. எட்டாம் நாள், திரித்த பிரி முழுசாகக் கையில் இருக்க வீட்டுக்குத் திரும்பினேன். அன்றைக்கு அப்பாவை நிதானமாகக் குளிப்பாட்டினேன் என்று நினைக்கிறேன். இல்லை, அது பின்னால் நானே சேர்த்துக்கொண்ட ஞாபகமோ என்னவோ.

பத்தாம் நாள் அண்ணன் மதகைத் தாண்டி கிழவியோடு எங்கள் கரைக்கே வந்துவிட்டார். நேருக்கு நேர் வராமல் வயலுக்குள் இறங்கி, வளைந்து, பக்கவாட்டில் வந்தார். டேய் இருப்புக் கொள்ளாமல் கிழவியின் முதுகில் இரண்டு காலையும் தூக்கிப் போட்டது. கிழவி அதன் மூஞ்சிக்கு நேரே திரும்பி, பல் முழுவதும் தெரிய ஒரு உறுமல் உறுமியது. டேய் கீச்சென்று கத்தி மல்லாந்து விழுந்தது. நான் தூக்கப் போனேன்.

"தூக்காதீங்க!" அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "பல்லு படல, பாருங்க. சொல்லிக் குடுக்குது. குறுக்க போகாதீங்க."

ஒரு கீறல்கூட இல்லை. டேய் எழுந்து, உடம்பை உதறி, தலையைத் தாழ்த்திக்கொண்டு கிழவியின் பின்னால் நடந்தது. அது மோந்த இடத்தையெல்லாம் இதுவும் மோந்தது. அடுத்த வாரம் கடுவன்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு நாள் நடை பாதியில் மழை பிடித்து, சுகாதார நிலையத்தில் ஒதுங்கிப் பார்க்கிறேன், ஜீப்புக்கு அடியில் மூன்று வாலுக்குப் பதில் மூன்று வாலும் ஒரு மொட்டை வாலும் தெரிந்தன.

ஆடி கடைசி வெள்ளி அன்று அத்தையைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். அவர் மணியோடு கேட்டுக்கு வெளியே இருபதடி தள்ளி நின்றார், கையில் விறகுக் கட்டை. நான் பிரியைப் பிடித்துக்கொண்டு டேயை வெளியே கூட்டி வந்தேன். கையைத் தொங்கப் போட்டிருந்தேன். மணி கிழிந்த காதோடு உறுமியது. டேய் அதை ஒரு முறை பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிழவி செய்வதைப் போலவே, வேலியோரத்துப் புல்லை மோக்க ஆரம்பித்தது.

"என்னடி இது, மாடு மாதிரி மேயுது?" என்றார் அத்தை. கட்டையைக் கீழே போட்டுவிட்டார். மறுநாள் காலையும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தார், மணியை வீட்டில் விட்டுவிட்டு. ஐப்பசிக்குள் மணியும் வந்தது. அத்தை கட்டையைப் போட்ட அந்த நேரத்தில், உள்ளே கட்டிலிலிருந்து அப்பா "டேய்" என்றார். அது வீட்டுக்குள் ஓடியது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் டிரைவர் அண்ணனை ஒரு மகானாக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வருஷம் தை மாதம் அவருக்கு ரிடையர்மென்ட். டீயும் மிக்சரும் கொடுத்து, சால்வை போர்த்தினோம். அதற்கு முந்தின வாரம்தான் ஜீப்பை இரும்புக்கு இழுத்துப் போயிருந்தார்கள். கடுவன்கள் இரண்டும் கடைத்தெருவுக்கு இடம் மாறிவிட்டன. மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் புதிதாகத் திரித்த பிரி. மெஷின் வைக்கோல் இல்லை, யாரோ கையால் அறுத்த நீள வைக்கோல். பக்கத்தில் கிழவி. திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். மாடியில் வாடகை வீடு, நாய் வைத்துக்கொள்ள விட மாட்டார்களாம்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஆடியிலேயே அவருக்கு இது தெரியும். என் குட்டியைக் கிழவியோடு பழக்கினாரா, கிழவிக்கு ஒரு வீடு பழக்கினாரா? "இதுக்குத்தானா அண்ணே அத்தனையும்?" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டுக்கும்தான் சிஸ்டர்" என்றார்.

நான் கத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கத்தினேன். "எல்லாரும் என் கையில ஒண்ணக் குடுத்துட்டுப் போயிடுங்க. தம்பி குடுத்தான், அம்மா குடுத்தாங்க, இப்ப நீங்க. எனக்கு எத்தன கை அண்ணே இருக்கு?" அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இதற்கிடையில் கிழவி எங்கள் படியேறி உள்ளே போயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கட்டிலுக்கடியில் டேய் தன் சாக்கை விட்டு எழுந்து நகர்ந்து நின்றுகொண்டிருந்தது. கிழவி அதில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. அப்பா என்னைப் பார்த்து, இடது கையால் வாசலைக் காட்டி, "சாப்டியா? கேளு" என்றார். அண்ணனைக் கேட்கச் சொல்கிறார். அவருக்கு இட்லி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, பிரியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்குப் போன் வரும். "கிழவி சாப்புட்டுதா சிஸ்டர்?" அதற்குப் பிறகுதான் என்னைப் பற்றி, அப்பாவைப் பற்றி. போன ஐப்பசியில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணன் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பதினாறாம் நாள் பந்தியில் பரிமாறிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பினார். கிழவியால் அப்போது சரியாக நடக்க முடியாது. ஆனாலும் பஸ் ஸ்டாப் வரை அவரோடு போயிற்று. டேய் அதன் நடைக்குத் தக்கபடி நின்று நின்று கூடப் போனது. இரண்டும் தனியாகத் திரும்பி வந்தன.

மார்கழியில் ஒரு காலை கிழவி எழுந்திருக்கவில்லை. கொல்லையில் எலுமிச்சைக்குக் கீழே நானே குழி வெட்டினேன். அந்த ஞாயிறு போன் வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன். "கிழவி சாப்புட்டுதா?" என்றார், மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிற குரல். "தூங்குது அண்ணே" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். நோயாளிகளிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொன்ன வாய், இதைச் சொல்ல மாட்டேன் என்கிறது. நாலு மாதமாகக் கிழவி தூங்கிக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு, கிழவி சாப்பிட்டதா என்று அவர் கேட்கவில்லை. "எங்க படுத்திருக்கு?" என்றார்.

"கொல்லையில, எலுமிச்சைக்குக் கீழ."

"நெழலா இருக்கும். எழுப்பாதீங்க சிஸ்டர்" என்றார். பிறகு, "டேய் பக்கத்துல இருக்கானா?" என்றார். இருக்கிறான் என்றேன். அது உண்மை. சாப்பிட்ட நேரம் போக அங்கேதான் படுத்திருக்கிறான்.

மணி பதினொன்று. ஆணியில் தொங்கும் பிரியை எலி ஒரு பக்கம் கடித்திருக்கிறது. இழுத்தால் அறுந்துவிடும். நாலு மாதமாக நானும் இழுக்கவில்லை, அவரும் இழுக்கவில்லை. போன் அடிக்கிறது.